டார்க் சைட் கேட்டு முடித்தாயிற்று, அடுத்து எதைக் கேட்பது?

கொட்டகலைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. கொழும்பில் வேலை, வீடு கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். மாதத்தில் ஒரு தடவை ரயிலில் ஊருக்கு வருவேன்.

போன மாதம் வேலைத்தளத்தில் ஒருவர் சொல்லி, பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தைப் போனில் இறக்கி வைத்திருந்தேன். நாவலப்பிட்டி தாண்டி ரயில் மலையேறத் தொடங்கும்போது போட்டேன். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், மெல்ல ஓர் இதயத் துடிப்பு வந்தது. கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அடித்தபோது திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அப்புறம் ஒரு பெண் சொல்லே இல்லாமல் பாடுகிறாரே, அந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் எந்த ஸ்டேஷன் போனது என்று தெரியாது. வட்டவளை வரும்போது மறுபடியும் அதே இதயத் துடிப்போடு முடிந்தது. பக்கத்து ஸீட்டில் இருந்த ஐயாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

இப்போது அடுத்தது எது என்று தெரியவில்லை. யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு த எட்ஜ்’தான் உச்சம் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் மூன்று நிமிடத்துக்கு மேல் போக முடியவில்லை. ஒரே இரைச்சலாக இருந்தது. என் காதில்தான் குறையா? நூறு ஆல்பம் கொண்ட பட்டியல் வேண்டாம். நம் பக்கத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் கேட்ட யாராவது வழி சொல்லுங்கள்.

இன்னொன்று: என் போனில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு விழுகிறது. அதை நிறுத்த முடியுமா?


ஹட்டன் கேசட்கடை எழுதியது:

தம்பி, காதில் குறை இல்லை. வரிசையில்தான் பிழை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக இருந்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது எங்கள் துரை இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். போகும்போது அப்பாவிடம் ஒரு ரெக்கோர்ட் பிளேயரையும் 14 எல்பி இசைத்தட்டுகளையும் கொடுத்தார். எங்கள் லயத்து வரிசை வீட்டில் அப்போது கரண்ட் கிடையாது. அதனால் ஏழு வருடம் அந்தப் பெட்டி காம்பராவில் அம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்கு மேலேயே இருந்தது. அட்டைகளைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். கறுப்பில் முக்கோணக் கண்ணாடி ஒன்று, தண்ணீருக்குள் ஒரு காது ஒன்று, வாயைப் பிளந்து அலறும் சிவந்த முகம் ஒன்று. அந்த முகத்தை அம்மா சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பார். அலறும் முகம் கிங் க்ரிம்ஸன் குழுவின் முதல் ஆல்பம் என்பதும், அதை வரைந்த பாரி காட்பர் ஆல்பம் வந்த மறு வருடமே இறந்துபோனார் என்பதும் எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரியும்.

1982இல் ஹட்டன் டவுனில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி இரவில் கடையைப் பூட்டிய பிறகு பிளேயரைப் பாவிக்க விட்டார். ஏழு வருடம் பார்த்துக்கொண்டிருந்த அட்டைகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மாதம் என் வாழ்க்கையில் வரவில்லை.

அந்த ஒரு மாதத்தில் எனக்கு விளங்கியது, பாட்டுப் பாட்டாக இந்த இசையை எடுக்கக் கூடாது, பக்கம் பக்கமாக எடுக்க வேண்டும் என்பது. எல்பியில் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம். இந்த ஆட்கள் அந்த 20 நிமிடத்தை அளந்து வைத்துக்கொண்டு எழுதினார்கள். நீங்கள் கேட்ட டார்க் சைடிலேயே, அந்தப் பெண் பாடி முடிப்பதோடு முதல் பக்கம் முடிகிறது. எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். அந்த அரை நிமிடம் வீட்டில் சத்தமே இருக்காது. அதற்குப் பிறகு காசு விழும் சத்தத்தோடு ‘மணி’ தொடங்கும். போனில் அவர் குரல் அடங்கி முடிவதற்குள் காசு விழுந்துவிடுகிறது. அடுத்த தடவை அந்த இடத்தில் நிறுத்தி, ஒரு பிளேன்டி குடித்துவிட்டுத் தொடருங்கள். வித்தியாசம் தெரியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்தது ஃபிளாய்டின் ‘மெடில்’, 1971. அதிலும் இரண்டாம் பக்கம். பக்கம் முழுவதும் ‘எக்கோஸ்’ என்ற ஒரே பாட்டு, 23 நிமிடத்துக்கு மேல். தொடக்கத்தில் ஒரேயொரு பியானோ சுரம், ‘டிங்’ என்று. பிறகு சும்மா இருக்கும். மறுபடி ‘டிங்’. லெஸ்லி என்று சொல்கிற, உள்ளே சுழலும் ஒலிபெருக்கி வழியாக அந்தப் பியானோவை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அது தண்ணீர்ப் பீலியிலிருந்து வெறும் தகர வாளியில் சொட்டு விழுகிற சத்தம். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு கேட்குமே, அது. நடுவில் பாட்டு கரைந்துபோய் வெறும் காற்றும் ஏதோ பறவைகள் கத்துவது போன்ற சத்தமும்தான் மிஞ்சும். அது பறவை இல்லை, ஃபிளாய்டின் கிட்டார்காரர் கில்மோரின் கிட்டார். வா-வா என்ற கால் பெடலில் வயரை முன்பின்னாக மாற்றிச் செருகினால் அந்தச் சத்தம் வருகிறது. சவுக்கு மரங்களுக்குள் காற்று இறங்குகிற மாதிரி. அதைத் தாண்டிப் போகாதீர்கள், பொறுத்திருங்கள். பாட்டு திரும்பி வரும்போது, லைட் வெளிச்சம் ஒன்று மலை வளைவில் தெரிந்தது போல இருக்கும்.

நாங்கள் இதை 60 நிமிட கேசட்டில் ஏற்றிக் கொடுப்போம். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். எக்கோஸ் முடிந்து ஆறு நிமிடம் மிஞ்சும். வெறும் நாடாவாகக் கொடுத்தால் வாங்குகிறவர் வருத்தப்படுவார், அதனால் ஒரு தமிழ்ப் பாட்டைப் போட்டு நிரப்புவோம். 40 வருடம் ஆகிறது, இன்றைக்கும் எக்கோஸ் முடிந்தால் என் காது அந்தப் பாட்டுக்காகக் காத்திருக்கும்.

இரண்டாவது, ஜெனிஸிஸ் குழுவின் ‘ஸெல்லிங் இங்லண்ட் பை த பவுண்ட்’, 1973. இந்தப் பெயரை எங்கள் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தை றாத்தல் கணக்கில் விற்கிறார்கள்! என் அம்மா கொழுந்தை றாத்தலில் நிறுத்துக் கொடுத்தவர். கூடைக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் கணக்கில் ஏற்றுவார்கள். அந்த ஆல்பத்தில் ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ என்று ஒரு பாட்டு. முதலில் பியானோ தனியாக ஓடும். நடுவில் புல்லாங்குழலில் ஒரு மெட்டு வரும், கொஞ்சம் கூச்சத்தோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து அதே மெட்டை ஸ்டீவ் ஹாக்கெட் கிட்டாரில் எடுப்பார். கோயில் வாசலில் நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்து, விடாமல் நிற்பாரே, அப்படிப் பிடிப்பார். எத்தனையோ கிட்டார் வாசிப்பைப் பதிவு செய்திருக்கிறேன். இதற்கு மேலே எனக்கு ஒன்றும் இல்லை. ஃபிளாய்ட் ஆட்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

மூன்றாவது, அம்மா திருப்பி வைத்த அந்த முகம். ‘இன் த கோர்ட் ஆஃப் த க்ரிம்ஸன் கிங்’, 1969. முதல் பாட்டு முரட்டுத்தனமாக இருக்கும், பயப்பட வேண்டாம். மூன்றாவது பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் வயலின் கூட்டம் போல ஒன்று பின்னால் எழும்பும். அது வயலின் இல்லை, மெலோட்ரோன். ஹார்மோனியம் போலக் கட்டைகள் இருக்கும், ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு நாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஓடி, அதில் பதிந்திருக்கிற வயலினோ புல்லாங்குழலோ ஒலிக்கும். எட்டு நொடி மட்டும். அதற்குள் விரலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாடா தீர்ந்துவிடும். இதைப் படித்த அன்று நான் கடை மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் தினமும் கையால் தொட்டுத் துடைக்கிற நாடாவை வைத்து ஓர் இசைக்கருவியே செய்திருக்கிறார்கள்! நம் பனிக்கும் ஈரத்துக்கும் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். கேசட்டின் ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி, நாடாவைப் பென்சிலால் சுற்றிச் சுற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுப்பேன். துடைத்த பிறகும் சில இடங்களில் சத்தம் லேசாக ஆடும். மெலோட்ரோனின் குரலிலும் அதே ஆட்டம் இருக்கிறது. எனக்கு அது சொந்தக்காரர் குரல் மாதிரி.

ஜெத்ரோ டல்லின் ‘திக் ஆஸ் எ பிரிக்’, 1972, ஆல்பம் முழுவதும் ஒரே பாட்டு. அட்டை 12 பக்கச் செய்தித்தாள். நான் இங்கிலீஷ் வாசிக்கப் பழகியது அதில்தான்.

இவ்வளவும் ஆன பிறகு ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ போடுங்கள். தண்ணீர் ஓடும், குருவி கத்தும், திடீரென்று எல்லாக் கருவியும் சண்டை பிடிக்கும். நீங்கள் இறங்கிவிட்டது அந்த இடத்தில்தான். சுமார் மூன்றாவது நிமிடத்தில் சண்டைக்குள்ளிருந்து ஒரு மெட்டு வெளியே வரும். அதை மனதில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாம் அடங்கி, குரல்கள் மட்டும் மெதுவாக அசையும். கீபோர்ட் வாசிக்கும் ரிக் வேக்மன் தேவாலய ஆர்கனை எடுப்பார். அதற்குப் பிறகு, 17 நிமிடம் அலைந்த பின், நீங்கள் பிடித்து வைத்த அந்தச் சொந்த இடத்துக்குக் கூட்டி வருவார்கள். முதல் தடவை நான் அழுதேன். ஹெர்மன் ஹெஸ்ஸே எழுதிய ‘சித்தார்த்தா’ நாவலில் ஆற்றங்கரையில் ஒருவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பானே, அதைப் படித்துவிட்டுத்தான் குழுவின் பாடகர் ஜோன் ஆண்டர்ஸன் இதை எழுதினார்.

அடுத்த வருடம் அதே குழு யோகானந்தரின் சுயசரிதையில் ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு நான்கு பக்கத்துக்கு நான்கு பாட்டு போட்டது. ‘டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’. அதற்கு இப்போது போக வேண்டாம். ஃபிளாய்டின் ‘த வோல்’, எமர்ஸன் லேக் அண்ட் பால்மர் குழுவின் ஆல்பங்கள் எல்லாம் நல்லவைதான், என் நெஞ்சில் ஒட்டவில்லை.


மஸ்கெலியா தப்பு எழுதியது:

கேசட்கடை அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாமே 20 நிமிடமாக இருக்க வேண்டுமா? தம்பி, நடுவில் ‘மெஷின் ஹெட்’ கேளுங்கள். டீப் பர்ப்பிள் குழு, 1972. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில் இதைப் பதிவு செய்யப் போன இடத்தில், ஃப்ராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது கஸினோ எரிந்துபோனது. ஏரியின் மேல் புகை. அதைத்தான் ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’ என்று பாடினார்கள். பிறகு குளிர்காலத்தில் மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடைபாதையில் வைத்து மிச்சத்தைப் பதிவு செய்தார்கள். குளிரில் வாசித்த சத்தம் அது. நான் தப்பு மேளம் அடிக்கிறவன். மாசியில் காமன் கூத்துக்குத் தப்பைத் தீயில் காய்ச்சித்தான் எடுப்போம், சூடு இறங்கினால் சத்தமும் இறங்கும். அதனால் இயன் பேய்ஸ் அந்தக் குளிரில் ட்ரம்ஸை எப்படி இறுக்கமாக வைத்திருந்தார் என்றே கேட்டுக்கொண்டிருப்பேன்.

வெட்டு விழுவதைப் பற்றி: பாட்டுப் போடும் ஆப்பின் செட்டிங்ஸில் இடைவெளி இல்லாமல் ஓட விடுகிற வசதி இருக்கும், அதைப் போடுங்கள். ஒரு பாட்டை மற்றதன் மேல் கலக்கும் வசதி இருந்தால் அதை அணைத்து விடுங்கள். இரண்டும் ஒன்றில்லை.


பண்டாரவளை மியூசிக் டீச்சர் எழுதியது:

கேசட்கடை அண்ணனோடு ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. க்ளோஸ் டு த எட்ஜைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். நம் ஆட்களுக்கு நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் நாம். ராகம் தானம் பல்லவியை ஒரு மணி நேரம் இருந்து கேட்கிறோம். தம்பிக்கு இரைச்சலாகத் தெரிவது நீளத்தால் இல்லை, தாளம் பிடிபடாததால்.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மிஸ்ர சாபு தாளம் சொல்லிக் கொடுக்கும்போது டார்க் சைடில் உள்ள ‘மணி’யைப் போட்டேன். காசுப் பெட்டிச் சத்தத்தை மட்டும் வைத்து எண்ணச் சொன்னேன். ஏழு. தகிட தகதிமி. இரண்டே நிமிடத்தில் வகுப்பு முழுவதும் மேசையில் போடத் தொடங்கிவிட்டது. ஸாக்ஸபோன் வாசிக்கும் வரை ஏழு சரியாக ஓடுகிறது. கிட்டார் வந்ததும் எல்லார் கையும் தடுமாறியது. பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, “டீச்சர், இப்போ நாலு” என்றாள். சரிதான், அந்த இடத்தில் நாலுக்கு மாறுகிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லாமல் காதாலேயே பிடித்தாள். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதி முடியாது.

அதற்குப் பிறகு லெட் ஸெப்பலினின் ‘காஷ்மீர்’ போட்டேன், ‘ஃபிஸிக்கல் கிராஃபிட்டி’ ஆல்பம், 1975. கிட்டார் மூன்று மூன்றாகப் போகும், ட்ரம்ஸ் நாலு நாலாகப் போகும், சுற்றி வந்து ஓரிடத்தில் சேரும். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் திஸ்ரமும் மறு பாதியைச் சதுஸ்ரமும் போட வைத்தேன். இரண்டும் சேர்ந்த இடத்தில் பிள்ளைகள் கத்திய சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்துவிட்டார்.

தம்பி, க்ளோஸ் டு த எட்ஜைப் போட்டுவிட்டு மெட்டைத் தேடாதீர்கள். பில் புரூஃபர்டின் ட்ரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அந்த மனிதர் அவ்வளவு உயரத்துக்கு ஏறிவிட்டு, ஆல்பம் முடிந்த கையோடு கிங் க்ரிம்ஸனுக்குப் போய்விட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டால் இரைச்சல் என்று ஒன்று இருக்காது.


ஹட்டன் கேசட்கடை எழுதியது:

டீச்சர், நீங்கள் சொன்ன பிறகு நேற்று இரவு ட்ரம்ஸை மட்டும் பிடித்துக் கேட்டேன். 40 வருடமாக மெட்டைப் பிடித்துக் கேட்டவன். வேறு பாட்டாக இருக்கிறது. ஆனாலும் நான் அழுத இடம் மெட்டில்தான் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த ‘நாலு’ சொன்ன பிள்ளைக்கு க்ரிம்ஸனின் ‘ரெட்’ ஆல்பத்தில், 1974, ‘ஸ்டார்லெஸ்’ பாட்டைக் கொடுங்கள். நடுவில் கிட்டார்காரர் ஃப்ரிப் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே மெல்ல மெல்ல மேலே போவார், அடியில் 13 அடித் தாளம் ஓடும். பிள்ளை கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முன்னமே சொல்லிவிடாதீர்கள்.


கொட்டகலைக்காரன் எழுதியது:

அண்ணே, டீச்சர், எல்லாருக்கும் நன்றி. இந்தத் தடவை வந்தபோது அண்ணன் சொன்ன வரிசையில் தொடங்கினேன். ரயிலில் கேட்கவில்லை. வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எக்கோஸ் போட்டேன். மழை விட்டிருந்தது, ஆனால் கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. முதல் ‘டிங்’ போனிலிருந்து வந்ததா வாசலில் விழுந்ததா என்று தெரியாமல் இயர்போனைக் கழற்றிப் பார்த்தேன்.

காற்றுச் சத்தம் வரும் இடத்தில் பாட்டி கதவைத் திறந்து, “இன்னும் தூங்கலையா?” என்று கேட்டார். இயர்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நரி ஊளையிடுது” என்றார். கழற்றவில்லை. பாட்டு திரும்பி வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

க்ளோஸ் டு த எட்ஜையும் டீச்சர் சொன்னபடி ட்ரம்ஸைப் பிடித்துக் கேட்டேன். ஒன்பது நிமிடம் போனேன். அமைதியாகிற இடம் வரை. அங்கே ட்ரம்ஸ் இல்லாமல் போனதும் கை விட்டுப்போனது. அடுத்த தடவை பார்க்கலாம்.

அண்ணே, அந்த 14 எல்பியும் இன்னும் இருக்கிறதா?


ஹட்டன் கேசட்கடை எழுதியது:

ஆறு இருக்கிறது தம்பி. மூன்று ஈரத்தில் வளைந்துவிட்டது, மூன்றை இரவல் கொடுத்து இழந்தேன். டார்க் சைடையும் இன்னொன்றையும் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லிக் கொழும்பில் ஒரு கடைக்காரர் வாங்கினார், திரும்பி வரவில்லை. மெடில் இருக்கிறது. அலறும் முகமும் இருக்கிறது, இப்போது அதைத் திருப்பி வைக்க ஆள் இல்லை.

அடுத்த முறை வரும்போது ஹட்டனில் இறங்குங்கள், ஞாயிறு மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன். பாட்டிக்கும் நேரம் இருந்தால் கூட்டி வாருங்கள். பிளேயரின் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அதற்குள் மாற்றி வைக்கிறேன்.